பைத்தான் தொகுப்பை நிறுவும்போது சி++ கம்பைலர் ஏன் கேட்கிறது?

சில பைத்தான் தொகுப்புகளின் உள்பகுதி, வேகத்துக்காக சி அல்லது சி++ மொழியில் எழுதப்பட்டிருக்கும். இதைத்தான் நீட்சி என்கிறோம். அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி கம்பைலர். பெரும்பாலும் மாற்றி முடித்த கோப்பையே, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் இறக்கித் தரும். உங்கள் பைத்தான் பதிப்புக்கு அது இல்லையென்றால் மூல நிரல்தான் வரும். தைத்த சட்டை கிடைக்காமல் துணி மட்டும் கிடைத்தால் தையல் இயந்திரம் வேண்டுமல்லவா, அப்படி. புத்தம் புதிய பைத்தானில் இந்தத் தொல்லை அதிகம். முந்தைய பதிப்புக்குப் போனாலே பலருக்குத் தீர்ந்துவிடும்.

கம்பைலரை நிறுவ, விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸை இறக்கி, சி++ டெஸ்க்டாப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டுவில் கம்பைலர் அடங்கிய பில்ட்-எசென்ஷியலோடு, நீட்சியைக் கம்பைல் செய்யத் தேவையான பைத்தான் கோப்புகளைத் தரும் பைத்தான்3-டெவ்வும் வேண்டும், இல்லாவிட்டால் 'பைத்தான்.ஹெச்' கோப்பைக் காணோம் என்று பாதியில் நின்றுவிடும்.

விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் ஏற்கெனவே இருக்கிறதே என்று பலர் குழம்புகிறார்கள். அது முடிந்த நிரலை ஓட்ட மட்டுமே, அதில் கம்பைலர் கிடையாது.