டென்டல் ஸ்கூலுக்கு முன் ஒரு வருடம்: அசிஸ்டென்ட் வேலைக்குப் பணம் கட்டிப் படிக்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் டெக்சஸ் மாநிலம் பிளேனோவில் இருக்கிறோம். அமெரிக்கக் குடியுரிமை உள்ள என் மகள் வரும் மே மாதம் பயாலஜி டிகிரி முடிக்கிறாள். 2027-இல் டென்டல் ஸ்கூலில் சேர வேண்டும் என்பது திட்டம். இடைப்பட்ட வருடத்தில் ஒரு பல் கிளினிக்கில் அசிஸ்டென்ட்டாக வேலை பார்க்கிறேன் என்கிறாள். அதற்கு 12 வாரக் கோர்ஸ் இருக்கிறது, 4,500 டாலர் என்கிறார்கள். ஏற்கெனவே அவள் பெயரில் 19,000 டாலர் ஃபெடரல் கல்விக் கடன். ஊரில் இருக்கும் என் அண்ணனோ, "டிகிரி முடித்த பிள்ளை எச்சில் துடைக்கப் போகணுமா?" என்று கேட்கிறார். பணக் கணக்காகப் பார்த்தால் இது சரிதானா?

பதில்: வேலைக்குப் போகட்டும். அந்த 4,500 டாலரை மட்டும் கட்டாதீர்கள்.

டெக்சஸில் டென்டல் அசிஸ்டென்ட்டாகச் சேர டிப்ளமோ கட்டாயமில்லை. ஆளை எடுத்து அங்கேயே பழக்கிக்கொள்ளும் கிளினிக்குகள் நிறைய. எக்ஸ்ரே எடுக்க மட்டும் மாநிலப் பல் மருத்துவ வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கான சிறு கோர்ஸும் பதிவுக் கட்டணமும் சேர்ந்தாலும் சில நூறு டாலரோடு முடிந்துவிடும். (வேறு மாநிலங்களில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், விதிகள் மாறும்.) நீங்கள் குடும்பத்தோடு போகிற பல் டாக்டரிடமே முதலில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது வரவு. அமெரிக்கா முழுவதும் எடுத்தால் 2023-இல் டென்டல் அசிஸ்டென்ட்டின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 46,540 டாலர். அதில் பல வருட அனுபவசாலிகளும் அடக்கம். புதிதாகச் சேர்பவருக்கு மணிக்கு 18 டாலர் என்றே கணக்குப் போடுகிறேன். வாரத்துக்கு நான்கு நாள் மட்டும் திறக்கும் கிளினிக்குகள் உண்டு என்பதால் 34 மணி நேரம், விடுமுறை போக 48 வாரம். மொத்தம் 29,376 டாலர்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. இந்த வருமானம் 2026, 2027 என்று இரண்டு வரி ஆண்டுகளில் பாதிப் பாதியாக விழும். இரண்டு ஆண்டிலும், வரி போடாமல் வருமானத்தில் கழித்துவிடும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தனித்தனியாகக் கிடைக்கும். 2026-க்கு அது 16,100 டாலர். ஆகவே ஃபெடரல் வருமான வரி அநேகமாக வராது. டெக்சஸில் மாநில வருமான வரியும் கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரிகளுக்கு 7.65 சதவீதம் போக, 27,000 டாலர் கைக்கு வரும்.

ஆனால் சம்பளம் டபிள்யூ-2 முறையில்தான், அதாவது கிளினிக்கின் ஊழியர் என்ற கணக்கில்தான் வர வேண்டும். 1099, அதாவது ஒப்பந்தக்காரர் கணக்கு என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதலாளி கட்ட வேண்டிய பங்கும் சேர்ந்து 15.3 சதவீதம் உங்கள் மகள் தலையில் விழும். என்னிடம் வந்த ஒரு பெண் ஏப்ரலில் வரித் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோதுதான் இதைத் தெரிந்துகொண்டார். சேமித்ததில் ஒரு பகுதி அப்படியே போயிற்று.

மருத்துவக் காப்பீட்டுக்குக் கவலை வேண்டாம், 26 வயதுவரை உங்கள் பாலிசியிலேயே இருக்கலாம். பழைய கடனைத்தான் மறந்துவிடக் கூடாது. மே மாதம் படிப்பு முடிந்தால் ஆறு மாதம்தான் அவகாசம். நவம்பர், டிசம்பர் வாக்கில் தவணை தொடங்கிவிடும், மாதம் சுமார் 200 டாலர். டென்டல் ஸ்கூலில் சேர்ந்ததும் அது மறுபடி நிற்கும், அதுவரை ஒரு தவணைகூடத் தவறாமல் சம்பளத்திலிருந்து தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள்.

உங்கள் அண்ணன் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது இந்த வேலையில் உண்டுதான். டாக்டர் கையை நீட்டுவதற்குள் அடுத்த கருவியை எடுத்துக் கொடுப்பது, பல் அச்செடுக்கும் மாவைத் தண்ணீரில் குழைத்து அது இறுகுவதற்குள் ட்ரேயில் நிரப்புவது, கருவிகளைக் கழுவி உறையிலிட்டு, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பது, நடுங்கும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வது, எல்லாம்தான். மாலையில் கழுத்தும் இடுப்பும் வலிக்கும். டாக்டரானாலும் அதே குனிவுதான், முப்பது வருடத்துக்கு. இது தனக்கு ஒத்துவருமா என்று சம்பளம் வாங்கிக்கொண்டே தெரிந்துகொள்ளலாம் என்றால் அதை ஏன் தடுக்க வேண்டும்? எனக்குத் தெரிந்த ஒரு பையன் எட்டு மாதம் இதே வேலை பார்த்துவிட்டு, இது எனக்கு வேண்டாம் என்று வேறு பக்கம் போனான். கடன் வாங்குவதற்கு முன்பே அவனுக்கு அது தெரிந்துபோனதில் அவன் பெற்றோரைவிட எனக்குத்தான் நிம்மதி.

ஏனென்றால் இங்கே டென்டல் படிப்புக்குக் கடன் வாங்கியவர்கள் வெளியே வரும்போது சராசரியாக 3 லட்சம் டாலரை ஒட்டிச் சுமக்கிறார்கள். சில தனியார் கல்லூரிகளில் நான்கு வருட மொத்தச் செலவு 5 லட்சத்தைத் தாண்டுகிறது. முன்பு கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் கடன் மீதிப் பள்ளத்தை நிரப்பிவிடும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அது இல்லை. ஃபெடரல் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர், அவ்வளவுதான். அதற்கு மேல் தனியார் கடன். உங்களைத்தான் கூடக் கையெழுத்துப் போடக் கேட்பார்கள். அந்தக் கையெழுத்து உங்கள் ஓய்வுக்காலத்தையே அடகு வைப்பது மாதிரி. அதனால் டெக்சஸ் அரசுக் கல்லூரிகளை முதலில் குறிவையுங்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் டென்டல் கல்லூரி டாலஸிலேயே இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். டெக்சஸ் கல்லூரிகளுக்கான பொது மாநில விண்ணப்பத்துக்கு எத்தனை கல்லூரி என்றாலும் ஒரே கட்டணம். தேசிய விண்ணப்பத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக ஏறும்.

27,000-இல் விண்ணப்பச் செலவும் தவணையும் கைச்செலவும் போக, 15,000 டாலராவது வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் நிற்க வேண்டும். முதல் வருடக் கடனில் அவ்வளவு குறையும். வீட்டு வாடகை, சாப்பாடு என்று மகளிடம் எதுவும் வாங்காதீர்கள்.

இன்னொன்று. மாநில விண்ணப்பம் மே மாதமே திறந்துவிடும். ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தால் அந்த அனுபவம் இன்டர்வியூவில் பேச உதவும், விண்ணப்பத்தில் பெரிதாக ஏறாது. அதனால் இப்போதே சனிக்கிழமைகளில் ஒரு கிளினிக்கில் டாக்டர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தொடங்கட்டும். வேலைக்குப் பேசும்போது 2027 கோடையில் கிளம்பிவிடுவேன் என்பதையும், இன்டர்வியூ நாட்களுக்கு விடுப்பு வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடச் சொல்லுங்கள். பிறகு சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டியவர் அதே டாக்டர்தான்.