கருணைக் கொலை என்ற சொல்லே சரியா?

கேள்வி: விபத்தில் தலையில் அடிபட்ட என் சித்தப்பா, மூன்று மாதங்களாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார். கண் திறக்கிறார்; யாரையும் அறியவில்லை. இனி நினைவு திரும்பாது என்கிறார்கள். கருவியை நிறுத்தச் சித்தி சம்மதிக்கிறார். அத்தை அதைக் கொலை என்கிறார். எது நியாயம்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இது மூளைச்சாவு அன்று. மூளைச்சாவு என்பது, மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதித்து உறுதிசெய்யும் மரணம். உங்கள் சித்தப்பா உயிரோடு இருக்கிறார். அத்தையின் கலக்கத்துக்கும் அதுவே காரணம். 'கருணைக் கொலை' என்று நாம் சொல்லிப் பழகிய சொல்லோ, விசாரணைக்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது. விஷ ஊசி போடுவது வேறு, பயனற்றுப்போன சிகிச்சையை விலக்கி நோயை அதன் போக்கில் விடுவது வேறு. முன்னதற்கு நம் சட்டத்தில் இடமில்லை.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973இல் அங்கேயே ஊழியன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்ததில் மூளை சிதைந்து, 2015இல் இறக்கும்வரை படுக்கையிலேயே இருந்தார். அவருக்கு உணவளிப்பதை நிறுத்தக் கோரிய மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மசித்த உணவை வாயில் வைத்தால் விழுங்குவார். அறையில் கூட்டம் சேர்ந்தால் குரலெழுப்பி, ஆட்கள் விலகியதும் அடங்குவார். இத்தனை ஆண்டுகளில் ஒரு படுக்கைப் புண்கூட வராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் அவரை விட மறுத்தார்கள். மனுவைத் தள்ளியது சரியென்றே நினைக்கிறேன். ஆனாலும் அருணா எதை விரும்பியிருப்பார் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. உங்கள் வீட்டில் சித்தியும் அத்தையும் இருக்கிறார்கள். இருவரும் தங்கள் துக்கத்தைப் பேசாமல், சித்தப்பா நலமாக இருந்தபோது இதுபோன்ற நிலையைப் பற்றி என்ன சொன்னார் என்பதைப் பேசட்டும்.

சுவாசக் கருவியைப் பொருத்தாமல் விட்டிருந்தால் பாவமில்லை, பொருத்தியபின் எடுப்பதுதான் பாவம் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டால், ஒருமுறை பொருத்தினால் எடுக்கவே முடியாது என்று அஞ்சி, பிழைக்கக்கூடியவருக்கும் கருவியைப் பொருத்தத் தயங்குவார்கள்.

பயனற்ற சிகிச்சையை விலக்க அனுமதித்த உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும், 2023இல் எளிதாக்கப்பட்ட அதன் விதிகளும் வழியைத் தெளிவாக்கியுள்ளன. மருத்துவமனையின் மருத்துவர் குழு ஒன்றும், மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் குழுவும் ஒப்ப வேண்டும்; குடும்பத்தின் சம்மதம் வேண்டும்; நிறுத்துமுன் நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'மூன்று மாதம்' என்ற சொல். மாரடைப்பில் மூளைக்குப் பிராணவாயு தடைப்பட்டவர்களுக்கு அது நீண்ட காலம். அடிபட்டுச் சிதைந்த மூளைக்கோ ஓராண்டு வரையிலும் பொறுத்துப் பார்ப்பது நரம்பியலாரின் வழக்கம். 'இனி திரும்பாது' என்பதை எந்தப் பரிசோதனையைக் கொண்டு சொல்கிறார்கள் என்று, அத்தையையும் உடன் அழைத்துச் சென்று, வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.