டிடெக்டர்ல பெரிய காயில் (coil) போட்டா தங்கம் மாட்டுமா?

கேள்வி: மெல்போர்ன்ல இருக்கேன். பென்டிகோ பக்கம் தங்கம் தேட விஎல்எஃப் (ரொம்பத் தாழ்வான அலைவரிசைல வேலை செய்யற) மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கேன், கூட 11 இஞ்ச் டபுள் டி காயில், அதான் தரைக்கு மேல ஆட்டற வட்டத் தலை, வந்துச்சு. கடைக்காரர் 15 இஞ்ச் மாத்துங்க, ஆழம் போகும்ங்கிறார். மாத்தணுமா?

பதில்: அவர் சொல்றது பாதி நிஜம். ஆழம் போகும், ஆனா பெரிய கட்டிக்குத்தான், அரிசி சைஸ் தங்கம்னா மேலாப்புல கிடந்தாலும் சத்தம் போடாம தாண்டிடும், அதோட அங்க மண்ணுல இரும்பு ஜாஸ்தி, காயில் பெருசாக ஆக அந்த மண்ணு சிக்னலையும் சேத்து வாரிக்கிட்டு மெஷின் கத்திக்கிட்டே கிடக்கும். பழைய சுரங்கக் குழி ஓரமெல்லாம் ஆணியும் தகரமும்தான், அங்க 6 இஞ்ச் குட்டி காயில் வச்சாதான் ஆணிக்குப் பக்கத்துல இருக்கறதையும் தனியா பிரிச்சுக் காட்டும்.

சைஸை விட டைப் முக்கியம். டபுள் டில ரெண்டு சுருள் நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும், அந்தக் கோட்டுக்குக் கீழதான் நல்லா பாக்கும், அதனால இரும்பு மண்ணுல தாக்குப்பிடிக்கும். கான்சென்ட்ரிக் (ஒரு வட்டச் சுருளுக்குள்ள இன்னொண்ணு இருக்கற டைப்) இங்க வேணாம்.

ஆழம் ஆழம்னு அலையவும் வேணாம், 1869ல விக்டோரியாவோட மோலியாகுல் ஊர்ல கிடைச்ச வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்ங்கிற ராட்சசத் தங்கக் கட்டி தரைக்குக் கீழ சில செ.மீ.லதான் இருந்துச்சு!

11ஐ வச்சே ஆரம்பிங்க, காசு இருந்தா 6 வாங்குங்க, உங்க மாடலுக்குன்னே செஞ்சதா பாத்து வாங்கணும், ப்ளக் பொருந்துதேன்னு எதையாவது சொருகிடாதீங்க. மைனர்ஸ் ரைட் (தங்கம் தேடறதுக்கான அனுமதி) எடுத்தாச்சா? விக்டோரியால அது இல்லாம தேடக் கூடாது, ஒருவாட்டி எடுத்தா 10 வருஷம் செல்லும்.