மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 8 வயது, இடுப்பு வரை முடி. மெடிக்கலில் பேன் மருந்து வாங்கிப் போட்டேன். பேன் கொட்டியது. பத்தே நாளில் மறுபடி சொறிகிறாள். வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லையாம். மாமியார் மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார், கணவர் மொட்டை போடச் சொல்கிறார்.
— ஒரு தாய், தேனி

பதில்: மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், அம்மா. 30 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். அதைத் தடவித் தலை வெந்து கொப்பளித்து வந்த ஒரு சிறுமியின் அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அடுப்புப் பக்கம் போனால் தீயும் பிடிக்கும். மொட்டையும் தேவையில்லை, ஆசையாக வளர்த்த முடி.

நீங்கள் போட்ட மருந்து பேனைக் கொன்றிருக்கிறது, ஈரை விட்டுவிட்டது. ஈர் பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் நீங்கள் வாங்கிய பேன் மருந்து 1 சதவீத பெர்மெத்ரின் என்றால் தலையை அலசித் துவட்டி, தடவி, 10 நிமிடத்தில் கழுவிவிட்டு, 9ஆம் நாள் கட்டாயம் இன்னொரு முறை போடுங்கள். பலரும் இந்த இரண்டாவது முறையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம், சீப்புப் போடுங்கள். வாசல் வெளிச்சத்தில் பிள்ளையை உட்கார வைத்து, ஈர முடியில் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள். பேன் சீப்பைத் தலையில் படிய வைத்து நுனி வரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் அதிகம் இருக்கும். பொடுகு தட்டினால் உதிரும். ஈர் முடியோடு ஒட்டியிருக்கும், நகத்தால் உருவித்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம், பாட்டியோடு ஒரே பாயில் படுக்கிறாளா? மாமியார் தலையையும் பக்குவமாகச் சொல்லிப் பார்த்துவிடுங்கள், உங்கள் தலையையும்தான். பேன் பறக்காது, தாவாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து ஏறும். பேன் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். கழுத்தில் நெறி கட்டினாலோ, தலையில் சீழ் வைத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

தினம் குளிக்கிற பிள்ளைக்கும் பேன் வரும், இது அழுக்கால் வருவதில்லை. இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், பாவம், தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பாள். பள்ளியை நிறுத்த வேண்டாம். இரட்டைச் சடையை மடித்துக் கட்டி அனுப்புங்கள். மருந்து போட்டாயிற்று என்று டீச்சரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவளோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிந்த தோழியின் அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.