அம்மாளை ஏசுகிற இரவுகள்

ஐயா, வணக்கம்.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் நடக்கிறது. தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். நடுச்சாமத்தில் "ஒரு மிடறு" என்று அவர் கெஞ்சும்போது இல்லையென்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய் நின்று பத்திரகாளி அம்மாளை வாய்க்கு வந்தபடி ஏசுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதும் நின்றுவிட்டது. "கடவுள் விருப்பமானவர்களைத்தான் சோதிப்பார், கஷ்டம் அவரிடம் கிட்டக் கொண்டுபோகும்" என்கிறார்கள் உறவினர்கள். எனக்கோ எல்லாம் தூரமாகிவிட்டது. ஏசுவது பாவமா?

வாசகி, திருகோணமலை

அன்பின் சகோதரிக்கு,

பாவமில்லை. மற்றதை ஆறுதலாக வாசியுங்கள்.

சோதனை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று சிறுநீரகம் பழுதாவதற்கு உடம்பிலேயே காரணங்கள் இருக்கின்றன. கணவனைத் தாகத்தில் புரளவிட்டு மனைவியின் பக்தியை அளந்து பார்க்கிற தெய்வத்தை என்னால் கும்பிட முடியாது. கஷ்டம் தானாக எவரையும் கடவுளிடம் சேர்ப்பதுமில்லை. எத்தனையோ பேரை அது கல்லாக்கியிருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. நீங்கள் அம்மாளிடம் கொட்டுகிறீர்கள். தூரத்தில் இருப்பவளை யார் அப்படி ஏசுவார்கள்?

அப்பர் சுவாமிகள் சூலைநோயோடு திருவதிகைக்கு வந்து பாடிய முதல் பதிகம் தொடங்குவதே முறைப்பாட்டில்தான்: "கூற்றாயினவாறு விலக்ககலீர்." எமனாக வந்து வருத்துகிறது, நீர் விலக்காமல் இருக்கிறீர் என்கிறார். குடலைப் பிடித்து முடக்குகிறது, "ஆற்றேன்" என்கிறார். அவருடைய தேவாரம் முழுவதும் இந்தக் குரலிலிருந்து பிறந்தது. உங்கள் கடிதத்தை வாசித்தபோது அவரைவிட அவருடைய தமக்கை திலகவதியாரையே அதிகம் நினைத்தேன். மணம் பேசியிருந்தவர் போரில் மாண்டுபோக, தம்பிக்காகவே உயிரோடு இருந்தவர் அவர். நோய் தம்பிக்கு, வேண்டுதல் தமக்கைக்கு. நோயாளியின் பக்கத்தில் கண்விழித்திருப்பவர் படும் பாட்டை நம்மவர்கள் இன்றும் கணக்கில் எடுப்பதில்லை. அது எனக்குக் கோபமூட்டுகிறது.

கோயிலுக்குப் போகவில்லையே என்று மனம் வருந்தாதீர்கள். உங்கள் ஊர்க் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். இன்றிருக்கும் ஆலயத்தின் குடமுழுக்கு 1963இல். இடைப்பட்ட காலத்திலும் சனங்கள் கோயில் நின்ற அந்தச் சுவாமி மலையை விடவில்லை. பாறை விளிம்பில் நின்று கடலை நோக்கிப் பூசை செய்து, பூவையும் பழத்தையும் கீழே போட்டதை 19ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேயர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சோமாஸ்கந்தர் உள்ளிட்ட திருவுருவங்கள் 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. அதுவரை அங்கே நின்று கும்பிட்டவர்களுக்கு முன்னால் காற்றும் கடலும்தான் இருந்தன. குசினியில் நின்று நீங்கள் பேசுவதையும் நான் அந்த வழிபாட்டோடுதான் சேர்ப்பேன்.

ஆகவே ஏசுங்கள். ஏசி முடித்ததும் உடனே திரும்பிவிடாமல் சற்று நேரம் அங்கேயே நில்லுங்கள். சோதனை என்று சொல்ல வருகிற உறவினரில் ஒருவரை வெள்ளிக்கிழமை மாலையில் உங்கள் கணவருக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு வெளியே போய் வாருங்கள். கோயிலுக்கு மனம் வராவிட்டால் டச்பே கடற்கரையில் போய் இருங்கள். அடுத்த டயாலிசிஸ் நாளில் தாதியிடமும் ஒன்று கேளுங்கள்: அன்றாட அளவுக்குள் அடங்கும்படி இரவில் ஒரு சிறிய ஐஸ் துண்டைச் சப்பக் கொடுக்கலாமா என்று. கறியில் உப்பைக் குறைத்தாலும் தாகம் கொஞ்சம் தணியும்.