பேக்கப் ஃபைல் தினமும் வருகிறது, அது போதுமா?

ராத்திரி 2 மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் புரோகிராம்) மூலம் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை டம்ப் (முழுவதையும் ஒரு ஃபைலில் எழுதுவது) எடுத்து ஜிசிப் செய்து (சுருக்கி) வைக்கிறேன், ஃபைல் தவறாமல் வருகிறது, இதை எப்படி டெஸ்ட் செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஃபைல் வருவதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். டம்ப்பையும் ஜிசிப்பையும் பைப் போட்டு (ஒன்றின் வெளியீடு நேராக அடுத்ததற்குப் போகும்படி) இணைத்திருந்தால், கமாண்டுகளை ஓட்டும் ஷெல் கடைசி கமாண்டின் முடிவை மட்டும்தான் பார்க்கும். பாஸ்வேர்ட் மாறிப்போய் டம்ப் தொடங்கும்போதே செத்துவிட்டாலும், ஜிசிப் பாட்டுக்கு வெறுமையைச் சுருக்கி 20 பைட்டில் ஒரு ஃபைலை வைத்துவிட்டு வெற்றி என்று சொல்லிவிடும். அதனால் வேலையை ஒரு பாஷ் ஸ்கிரிப்டாக எழுதி மேலேயே பைப்ஃபெயில் ஆப்ஷனைப் போடுங்கள், பைப்பில் எந்த கமாண்ட் தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று அது சொல்லும். டம்ப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருக்கிறதா என்றும் ஸ்கிரிப்டே பார்க்கட்டும், பாதியில் நின்றதில் அது இருக்காது. டேபிள்கள் இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான சேமிப்பு முறை) என்றால் சிங்கிள் டிரான்சாக்‌ஷன் ஆப்ஷன் (டம்ப் முழுவதும் ஒரே நேரத்து நிலையாக இருக்க) கட்டாயம்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லையா? ஃபைல் பெயரில் தேதிக்காகப் போட்ட % குறியைப் பாருங்கள். கிரான்டேபில் (கிரானின் வேலைப் பட்டியலில்) அதற்குப் புதுவரி என்று அர்த்தம், முன்னால் பேக்ஸ்லாஷ் வேண்டும்.

சரி, டெஸ்ட். வாரம் ஒருமுறை வேறொரு சர்வரில் (புரொடக்‌ஷனில் வேண்டவே வேண்டாம்) நேற்றைய ஃபைலை ரீஸ்டோர் செய்யுங்கள், இதையும் கிரானிலேயே போட்டுவிடலாம். முக்கிய டேபிளில் எத்தனை வரிசைகள், கடைசிப் பதிவு நேற்றையதுதானா என்று பார்த்துவிட்டு, அப்ளிகேஷனையும் அதோடு இணைத்து ஒரு தடவை லாகின் செய்து பாருங்கள். ஏனென்றால் ஸ்டோர்டு ப்ரொசீஜர்களும் (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த நிரல்கள்) ஈவென்ட்களும் (அதற்குள்ளேயே நேரம் குறித்து ஓடும் வேலைகள்) ஆப்ஷன் போட்டுக் கேட்டால்தான் டம்ப்பில் வரும், தானாக வராது. இது பலருக்கு ரீஸ்டோர் அன்றைக்குத்தான் தெரியவரும்!

தோற்றால் மெயில் வரும் என்று இருந்துவிடாதீர்கள். 2017 ஜனவரியில் கிட்லேபில் (நிரல்களைச் சேமித்துவைக்கும் தளம்) ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்தபோது, பிஜிடம்ப் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை டம்ப் எடுக்கும் கருவி) வெர்ஷன் பொருந்தாமல் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்ததும், எச்சரிக்கை மெயில்களை மெயில் சர்வர் நிராகரித்துக்கொண்டிருந்ததும் அப்புறம்தான் தெரிந்தது. ஸ்கிரிப்ட் வெற்றிகரமாக முடிந்தால் வேறொரு மெஷினுக்குத் தகவல் அனுப்பட்டும், அது வராவிட்டால் அந்த மெஷின் உங்களை எழுப்பட்டும்.

ஒரு பிரதியாவது சர்வருக்கு வெளியே இருக்க வேண்டும், அதை அழிக்கும் உரிமை இந்த சர்வருக்கு இருக்கக் கூடாது. அப்புறம், ரீஸ்டோர் முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள், சர்வர் விழுந்த அன்று எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.