நேற்றுச் சொன்னது இன்று மாறினால் எதை நம்புவது?

பெருந்தொற்றுக் காலத்தில் அடிக்கடி மாறிய மருத்துவ அறிவுரைகள் பற்றிக் காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கோட்டையூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: 2020 மார்ச்சில் நோயில்லாதவர்கள் முகக்கவசம் போட வேண்டாம் என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்றார்கள். அடுத்த தொற்று வந்தால் இவர்கள் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும்?

உங்கள் கோபம் நியாயமானது, ஐயா. ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, நோயைப் பற்றிய அறிவே மாறியது. 2003-இல் வந்த சார்ஸ் நோய், பெரும்பாலும் நோயாளி காய்ச்சலில் படுத்த பிறகுதான் அடுத்தவருக்குத் தொற்றியது. காய்ச்சல்காரரைத் தனியே வைத்தால் போதும், தெருவில் நடப்பவருக்குக் கவசம் தேவையில்லை என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. கொரோனா அந்தக் கணக்கில் அடங்கவில்லை. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது வேகமாகப் பரவத் தொடங்கிவிடுகிறது. நன்றாக இருப்பவர் போலத் தெரிகிறவரும் பரப்புகிறார் என்று தெரிந்ததும் அறிவுரை மாறியே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் 5 அன்று மூன்றடுக்குத் துணிக்கவசத்தைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது. உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவே பாலிபுரொப்பிலீன், வெளியே ஈரம் ஒட்டாத பாலியெஸ்டர் என்று துணியின் வகையையும் அதில் சொல்லியிருந்தது. இந்த மாற்றத்தில் குற்றம் காண முடியாது.

இரண்டாவது விஷயத்தில் குற்றம் உண்டு. அன்று மருத்துவமனைகளுக்கே கவசம் பற்றவில்லை. “இருப்பு குறைவு, டாக்டருக்கும் நர்ஸுக்கும் முதலில் வேண்டும், நீங்கள் வீட்டில் துணியில் தைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருந்தால் மக்கள் கேட்டிருப்பார்கள். பல நாடுகளின் அதிகாரிகள் அப்படிச் சொல்லாமல், பொதுமக்களுக்கு அதனால் பயனில்லை என்றார்கள். டாக்டரைக் காக்கும் துணி என்னை மட்டும் ஏன் காக்காது என்று கேட்டவருக்கு அவர்களிடம் பதில் இல்லை. “இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை” என்பது ஒன்று. “சோதித்தோம், பயனில்லை” என்பது முற்றிலும் வேறு. முதலாவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டாவதைச் சொன்னதில்தான் நம்பிக்கை உடைந்தது.

சோதனை பிறகு நடந்தது. வங்கதேசத்தில் 600 கிராமங்களில், 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் பார்த்தார்கள். சில கிராமங்களில் கவசம் கொடுத்து, போடச் சொல்லித் தொடர்ந்து ஊக்குவித்தார்கள். அவற்றுள் அறுவைச் சிகிச்சைக் கவசம் தந்த ஊர்களில், கொடுக்காத ஊர்களைவிட அறிகுறியோடு தொற்றியவர்கள் சுமார் 11 சதவீதம் குறைந்தார்கள். 60 வயதைக் கடந்தவர்களிடம் இது சுமார் 35 சதவீதம். துணிக்கவசத்தின் பலன் அந்த ஆய்வில் தெளிவாகத் தெரியவில்லை. ஆக, ‘போட்டால் வரவே வராது’ என்றவர்களும் தவறு, ‘போட்டு ஒன்றும் ஆகாது’ என்றவர்களும் தவறு.

அடுத்த முறை இப்படிக் கேளுங்கள்: இது சோதித்துத் தெரிந்ததா, முந்தைய நோயை வைத்துப் போட்ட கணக்கா, இருப்பை வைத்து எடுத்த முடிவா? மூன்றும் நேர்மையான காரணங்களாக இருக்க முடியும். எது என்று சொல்ல மறுத்தால் சந்தேகப்படுங்கள்.

தேவகோட்டை வாசகி: அம்மாவுக்குக் கோவிஷீல்டு இரண்டாம் ஊசி 28-ஆம் நாள் போட்டார்கள். அடுத்த மாதமே மற்றவர்களிடம் 84 நாள் கழித்து வா என்றார்கள். ஊசி இல்லாததால் மாற்றினார்களா? அம்மாவுக்குப் போட்டது வீணா?

வீணில்லை. 28 நாளில் போட்டுக்கொண்டவர்கள் அதற்காக மறுபடி போட வேண்டியதில்லை.

தேதிகளைப் பாருங்கள். 2021 ஜனவரி 16-இல் தடுப்பூசி தொடங்கியபோது இடைவெளி 4 முதல் 6 வாரம். மார்ச் 22-இல் 6 முதல் 8 வாரம். மே 13-இல் 12 முதல் 16 வாரம். மாற்றத்துக்கு ஆதாரம் இருந்தது. இந்த ஊசியை உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வில் 6 வாரத்துக்குள் இரண்டாம் ஊசி போட்டவர்களுக்குச் சுமார் 55 சதவீதமும், 12 வாரம் கடந்து போட்டவர்களுக்குச் சுமார் 81 சதவீதமும் பாதுகாப்பு கிடைத்தது. முதல் ஊசிக்குப் பிறகு உடம்புக்குக் கொஞ்சம் அவகாசம் தந்தால் இரண்டாவது ஊசி நன்றாக வேலை செய்கிறது.

அதே நேரத்தில் ஊசித் தட்டுப்பாடும் இருந்தது. இரண்டும் உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 8 முதல் 12 வாரம். அதுவரைதான் தாங்கள் ஒப்புக்கொண்டதாக, மத்திய அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழு உறுப்பினர்கள் சிலர் அந்த ஜூனிலேயே வெளிப்படையாகச் சொன்னார்கள். குழு என்ன பேசியது, எந்தத் தரவைப் பார்த்தது என்று அறிவித்த அன்றே வெளியிட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

காரைக்குடி வாசகர்: பிளாஸ்மா தேடி ஊரெல்லாம் அலைந்தோம். பிறகு பயனில்லை என்று நிறுத்திவிட்டார்கள். எங்களை வைத்துப் பரிசோதனை செய்தார்களா?

பரிசோதனை தனியாக, முறையாக நடந்தது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. குணமானவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மாவைக் கொடுத்தாலும் நோய் முற்றுவதோ மரணமோ குறையவில்லை. முடிவு 2020 செப்டம்பரிலேயே வெளிவந்தது. வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது 2021 மே 17-இல். இடைப்பட்ட எட்டு மாதங்கள்தான் உங்களை அலைய வைத்தன. இங்கே கேட்க வேண்டியது ஏன் மாற்றினார்கள் என்றல்ல, ஏன் இவ்வளவு தாமதமாக மாற்றினார்கள் என்பதே.

ஸ்டீராய்டு கதை வேறு. சோதித்த மருந்து டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 6 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை, 10 நாள் வரை. இங்கிலாந்தில் 2020 ஜூனில் வந்த முடிவுப்படி, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு மருந்தின் பெயரை மட்டும் பரப்பினார்கள். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே வீட்டில் விழுங்கியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி தாழ்ந்தது, சர்க்கரை ஏறியது. 2021-இல் கருப்புப் பூஞ்சை பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பள்ளத்தூர் ஆச்சி: 2020-இல் காய்கறியைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். பிறகு சன்னலைத் திற என்றார்கள். பூர்வீக வீட்டில் பேத்தி கல்யாணம் வைத்திருக்கிறோம். காய்ச்சல் காலமாக இருந்தால் என்ன செய்வது?

ஆச்சி, காய்கறிக்குச் சோப்பு என்றுமே வேண்டாம். தண்ணீர் போதும், சோப்பு வயிற்றைத்தான் கெடுக்கும். பொருள்களைத் தொட்டுத் தொற்றுவது மிக அரிது, பெரும்பாலும் காற்றில்தான் என்பது போகப் போகத் தெளிவானது. கையைச் சோப்பால் 20 விநாடி கழுவும் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். அது வயிற்றுப்போக்கையும் தடுக்கிறது.

உங்கள் வீட்டில் திறந்த வளவு, அதாவது நடு முற்றம், இருந்தால் பாதி வேலை முடிந்தது. சூடான மூச்சுக்காற்று மேலே ஏறி முற்றத்து வழியாக வெளியேறும், வாசல் வழியாகப் புதுக்காற்று நுழையும். மழைக்கும் குரங்குக்கும் பயந்து முற்றத்துக்கு மேல் ஷீட் போட்டிருந்தால் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பே ஓரங்களிலாவது கழற்றச் சொல்லுங்கள். முகப்பு முதல் பின்கட்டுவரை நேர்க்கோட்டில் இருக்கும் கதவுகள் எல்லாம் திறந்திருக்கட்டும். ஆபத்து அதிகம் ஏசி போட்டு அடைத்த மணப்பெண் அறையில்தான். அங்கே ஒரு சன்னலைத் திறந்து, மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். அது உள்காற்றை வெளியே தள்ளும். பந்தி நடக்கும்போது யாரும் கவசம் போட முடியாது. ஆகவே பந்தியை வளவை ஒட்டியே போடுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர் கிடைத்தால் கூட்டம் கூடும் பட்டாலையில் வையுங்கள். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும். கூட்டம் இருக்கும்போது 800-க்குள் நின்றால் நல்லது. 1,500-ஐத் தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

புதுவயல், மகளிர் சுயஉதவிக் குழு: உத்தரவு மாறும்போதெல்லாம் ஊர்க்காரர்கள் எங்களைத்தான் திட்டுகிறார்கள். எப்படிச் சொல்வது?

பழைய அறிவிப்பை அழிக்காதீர்கள். கரும்பலகையில் அதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, கீழே புதியதை எழுதுங்கள். மறைக்கவில்லை என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். தனிமைப்படுத்தும் நாள்கள் குறைந்தால் இப்படி எழுதலாம்:

“இன்று முதல் வீட்டுத் தனிமை 7 நாள். முன்பு 10 நாள். காரணம்: இப்போது பரவும் வகையில் முதல் சில நாளிலேயே பெரும்பாலும் தொற்றுகிறது. ஏற்கெனவே 10 நாள் இருந்தவர்கள் செய்ததும் சரிதான். புதுத் தகவல் வந்தால் இதுவும் மாறலாம். சந்தேகத்துக்கு 104.”

தேதியும் உத்தரவு எண்ணும் மேலே இருக்கட்டும். ‘ஏற்கெனவே செய்ததும் சரிதான்’ என்ற வரி மிக முக்கியம். அது இல்லாவிட்டால் முன்பு சொன்னதைக் கேட்டவர்கள் ஏமாந்துவிட்டதாக நினைப்பார்கள். அடுத்த முறை முதலில் விலகுவதும் அவர்கள்தான். ‘இதுவும் மாறலாம்’ என்பதை முதல் நாளே எழுதுங்கள், மாறிய பிறகு சொன்னால் அது சாக்குப்போக்காகக் கேட்கும்.

கண்டனூர் விவசாயி: பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டச் சொன்னார்கள். இப்போது கட்டாதே என்கிறார்கள். இதுவும் மாறுமா?

இது மாறி வெகு நாளாயிற்று, செய்தி ஊருக்கு வந்து சேரத்தான் தாமதம். கண்ணாடி விரியனின் விஷம் கடித்த இடத்துச் சதையை அழிக்கும். இறுக்கிக் கட்டினால் விஷம் அங்கேயே தேங்கி, இரத்த ஓட்டமும் நின்று, காலையே எடுக்க நேரிடும். கட்டைத் திடீரென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரே மூச்சில் உடம்பில் ஏறும். கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம். மோதிரம், மெட்டி, காப்பைக் கழற்றுங்கள், வீக்கம் ஏறினால் பிறகு வராது. எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் கால் அசையாதபடி மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, கடித்த நேரத்தைக் குறித்து வைத்து, 108-ஐ அழையுங்கள்.